நான்கு நொடிக்கு ஒரு ஜாப்: மல்டி ஸ்பிண்டில் செட்டராக விரும்புகிறவர்களுக்கு

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவை கணபதியிலோ ‘சிஎன்சி ஆபரேட்டர் தேவை’ என்று பலகை வைத்தால் சாயங்காலத்துக்குள் ஆட்கள் வந்து நிற்பார்கள். ‘மல்டி ஸ்பிண்டில் செட்டர் தேவை’ என்று எழுதினால் பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஐடிஐ முடித்து வேலை தேடுகிறவர்களும், டிப்ளமோ படித்துவிட்டு வருடக்கணக்கில் ஒரே லேத்தின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவர்களும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பட்டன் அழுத்தும் வேலையிலிருந்து மூளையைப் பயன்படுத்தும் வேலைக்குப் போக, உலோகத் தொழிலில் இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கடினம்தான். ஆனால் பணக்காரக் கல்லூரியோ பெரிய மார்க்கோ தேவைப்படாத கடினம்.

இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண லேத்தில் ஒரு பார், ஒரு ஸ்பிண்டில். ஒரு டூல் வெட்டும்போது மற்ற டூல்கள் சும்மா நிற்கும். மல்டி ஸ்பிண்டிலில் ஆறு அல்லது எட்டு ஸ்பிண்டில்கள் ஒரு பெரிய டிரம்முக்குள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பார் சுழலும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனி டூல்கள். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் வெட்டு நடக்கும். முடிந்ததும் டிரம் ராட்டினம் போல ஓர் இடம் நகர்ந்து பூட்டிக்கொள்ளும்; அடுத்த வெட்டு தொடங்கும். டிரம் ஒவ்வொரு முறை நகரும்போதும் முடிந்த ஜாப் ஒன்று கீழே விழும்.

ஆகவே ஒரு ஜாப்புக்கு ஆகும் நேரம் எல்லா வேலைகளின் கூட்டல் அல்ல. அதிக நேரம் பிடிக்கும் ஒரே ஒரு ஸ்டேஷனின் நேரம், அதோடு டிரம் நகரும் நேரம், அவ்வளவுதான். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டவர் பாதி செட்டர்.

வேலையைப் பிரிக்கும் கணக்கு

ஆறு ஸ்பிண்டில் இயந்திரத்தில் ஓடும் ஒரு ஜாப்பை எடுத்துக்கொள்வோம். 16 மி.மீ. விட்டமுள்ள ஈஎன்1ஏ லெடட் பார். ஜாப்பின் நீளம் 24 மி.மீ. நடுவில் முழு நீளத்துக்கும் 5 மி.மீ. துளை, ரீமர் போட்டது. வெளியே ஒரு படி, அதன் மேல் மரை. பைப் ஃபிட்டிங் வகையில் இப்படிப்பட்டவை ஏராளம்.

துளையைப் பாருங்கள். பார்ட்டிங் டூலுக்கான 2 மி.மீ., கொஞ்சம் கூடுதல் என்று சேர்த்தால் டிரில் 27 மி.மீ. உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று, சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீட் என்றால் நிமிடத்துக்கு 300 மி.மீ.; 27 மி.மீ. போக 5.4 நொடி. டிரம் நகர்ந்து டூல் நெருங்க 1.3 நொடி. மொத்தம் 6.7 நொடி. மணிக்கு 537 ஜாப்தான் வரும். மற்ற ஐந்து ஸ்டேஷன்களும் மூன்று நொடிக்குள் வேலையை முடித்துவிட்டு இந்த டிரில்லுக்காகக் காத்திருக்கும்.

அனுபவமுள்ள செட்டர் துளையை இரண்டாக வெட்டுவார். இரண்டாவது ஸ்டேஷனில் பாதி, மூன்றாவதில் மீதி. ஒவ்வொன்றும் 2.7 நொடி. ஜாப்புக்கு நான்கு நொடி, மணிக்கு 900. முதல் டிரில் 4.8 மி.மீ. போட்டால், இரண்டாவதை 4.7 போடுவார். முதல் டிரில் குடைந்த சுவரில் இரண்டாவது டிரில்லின் பக்கங்கள் உரசாமல் உள்ளே போக வேண்டுமே. உரசினால் சூடாகும், ஓரம் மழுங்கும், ஒரு நாள் உள்ளேயே உடையும். நான்காவது ஸ்டேஷனில் வரும் ரீமர் இரண்டையும் ஒரே 5 மி.மீ. ஆக்கிவிடும். முதலாவதில் வெளி ரஃபிங்கும் சென்டர் டிரில்லும், ஐந்தாவதில் மரை, ஆறாவதில் பார்ட்டிங். வெட்டி விழுந்ததும் பார் முன்னால் வந்து ஸ்டாப்பரில் முட்டும். வட்டம் மறுபடி தொடங்கும்.

இந்த 0.1 மி.மீ. வித்தியாசம் டிராயிங்கில் இருக்காது. பாடப்புத்தகத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட விஷயங்களைச் சேர்த்து வைத்திருப்பவரைத்தான் கம்பெனி விட மறுக்கிறது.

மீதிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நேர்காணலில் இதைப் பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான்கு நொடி சைக்கிளில், 85 சதவீதம் நேரம் இயந்திரம் ஓடினால், மூன்று ஷிப்டுக்கு 18,360 ஜாப். மூன்று மீட்டர் பாரில் பிடிக்கு 80 மி.மீ. வீணாகப் போனால், 26 மி.மீ. வீதம் 112 ஜாப் கிடைக்கும். அப்படியானால் நாளுக்கு 164 பார். எடையில் முக்கால் டன்னுக்கு மேல். ஆறு பார்களும் சராசரியாக ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாகத் தீரும். பார் ஃபீடர் ஒரு முறை சிக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் 150 ஜாப் போயிற்று. சைக்கிளை 4.0 நொடியிலிருந்து 3.8-க்குக் கொண்டுவந்தால் அதே நாளில் 966 ஜாப் கூடுதலாக வரும். 0.2 நொடிக்காக ஒரு செட்டர் அரைநாள் மெனக்கெடுவதன் காரணம் இதுதான்.

கேம் கற்றுக்கொடுத்த பாடம்

தானியங்கி லேத்தின் கதை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஆரம்பிக்கிறது. கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1873-ல் தானியங்கி லேத்துக்குக் காப்புரிமை வாங்கினார். டூல்களை முறைப்படி முன்னும் பின்னும் தள்ளும் கேம் டிரம்தான் அதன் உயிர்நாடி. காப்புரிமை மனுவில் அந்தப் பகுதிக்குச் சரியான பாதுகாப்பு இல்லாமல் போனதால் மற்றவர்கள் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். மல்டி ஸ்பிண்டில் அதே நாட்டில் அதற்குப் பின் வந்தது. திருகாணி செய்யப் பிறந்த இயந்திரங்கள் இவை. இன்று சாதாரண திருகாணியைக் கோல்ட் ஹெடிங்கில் கம்பியை அடித்து, மரையை உருட்டி எடுத்துவிடுகிறார்கள், சுருளே விழாது. பாரிலிருந்து வெட்டி எடுத்தால்தான் வரும் என்கிற நுணுக்கமான ஜாப்கள் மட்டுமே மல்டி ஸ்பிண்டிலுக்கு மிஞ்சியிருக்கின்றன.

கேம் இயந்திரத்தில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. எல்லா ஸ்பிண்டிலும் ஒரே வேகத்தில் சுழலும். டிரில்லுக்கு வேண்டிய வேகம் ரீமருக்கு அதிகம், மரைக்கு இன்னும் அதிகம். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், அல்லது தனி அட்டாச்மென்ட் மாட்ட வேண்டும். ஜாப் மாறினால் கேம்களையும் கியர்களையும் மாற்ற ஒரு நாளோ அதற்கு மேலோ போகும்.

இன்றைய சிஎன்சி மல்டி ஸ்பிண்டிலில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சொந்த மோட்டார். ஒரே பார் இரண்டாவது ஸ்டேஷனில் 3000-லும், நான்காவதில் ரீமருக்கு 1500-லும், ஆறாவதில் வேறொரு வேகத்திலும் சுழலும். குறுக்குத் துளை போட வேண்டுமானால் ஸ்பிண்டிலைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தவும் முடியும். ஜெர்மனியின் எஸ்லிங்கனில் உள்ள இன்டெக்ஸ், கொலோனின் ஷூட்டே, சுவிட்சர்லாந்தின் மூட்டியேவில் உள்ள டோர்னோஸ் ஆகியவை இந்த வகையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

அதற்காகக் கேம் இயந்திரத்தைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘டிராப்’ என்று அழைக்கப்படும் ஒற்றை ஸ்பிண்டில் ஆட்டோமேட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அதில் சில மாதம் வேலை பாருங்கள். ஃபார்ம் டூலைக் கையால் தீட்ட வேண்டியிருக்கும். கேம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பீர்கள். ஒரு டூல் இன்னொன்றின் வழியில் குறுக்கிடாமல் எப்படி ஒதுங்குகிறது என்பது கண்ணுக்கு முன்னால் நடக்கும். இதைப் பார்த்தவருக்குச் சிஎன்சி திரையில் ஓடும் எண்கள் சீக்கிரம் பிடிபடும். நேராகச் சிஎன்சிக்கு வந்தவர்கள் இதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தடுத்து ஆறு ஜாப்

மல்டி ஸ்பிண்டில் செட்டரை மற்ற செட்டரிடமிருந்து பிரிப்பது அவர் அளக்கும் விதம். ஒரு ஜாப்பை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து, ‘ஓகே’ என்று எழுதிவிட்டுப் போவது இங்கே செல்லாது. அந்த ஜாப் ஆறில் ஒரு ஸ்பிண்டிலைப் பற்றித்தான் பேசுகிறது. மற்ற ஐந்தும் என்ன செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது.

ஆறை விழுகிற வரிசையிலேயே எடுங்கள். எந்த ஸ்பிண்டிலிலிருந்து வந்தது என்று திரையைப் பார்த்து முதல் ஜாப்பில் எண் போடுங்கள். மீதி வரிசையாக வரும். துணியை விரித்து 1 முதல் 6 வரை அடுக்குங்கள். வெளி விட்டம் 12.00 மி.மீ. என்றால் ஆறையும் அளந்து எழுதுங்கள்.

எண்களே நோயைச் சொல்லிவிடும். ஐந்து ஜாப் 12.005-க்கும் 12.010-க்கும் நடுவில் இருந்து, நான்காவது மட்டும் 12.030 காட்டினால் டூலைத் தொடாதீர்கள். டூல் எல்லா ஸ்பிண்டிலுக்கும் பொது. கோளாறு நான்காவது ஸ்பிண்டிலில் இருக்கிறது. கோலெட்டுக்குள் சுருள் மாட்டியிருக்கலாம், கோலெட் தேய்ந்திருக்கலாம், பார் வளைந்திருக்கலாம், கடைசியாகப் பேரிங். இந்த வரிசையிலேயே தேடினால் நேரம் மிச்சம். மாறாக ஆறும் ஒரே அளவில், ஆறும் 12.025 என்று ஏறியிருந்தால் அந்த ஸ்டேஷனின் டூல் தேய்ந்திருக்கிறது, அல்லது இயந்திரத்தின் சூடு மாறியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் முதலில் வரும் ஜாப்கள் வேறு அளவு காட்டுவதும் இந்தச் சூட்டினால்தான். அவற்றைத் தனித் தட்டில் ஒதுக்குங்கள். பதற்றத்தில் ஆஃப்செட் கொடுத்தீர்கள் என்றால், இயந்திரம் சூடேறியதும் அந்த ஆஃப்செட்டை நீங்களே மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல சிஎன்சி மல்டி ஸ்பிண்டில்களில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனி ஆஃப்செட் கொடுக்கலாம். ஆறு ஸ்பிண்டில், ஆறு ஸ்டேஷன் என்றால் முப்பத்தாறு இடம். நல்ல வசதி. ஆனால் நான்காவது ஸ்பிண்டிலின் தேய்ந்த கோலெட்டுக்கு இருபது மைக்ரான் ஆஃப்செட் கொடுத்து அளவைச் சரிக்கட்டுகிறவர் நோயை மூடி வைக்கிறார். விட்டம் சரியாகிவிடும், துளையும் வெளி விட்டமும் ஒரே மையத்தில் இருக்காது. அந்த ஜாப் மைக்ரோமீட்டரில் தப்பித்து, வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைனில் மாட்டும். பிரேக்கிலோ எரிபொருள் பாதையிலோ போய் உட்காரும் ஜாப் என்றால் அதன் விளைவை நினைத்துப் பாருங்கள்.

தரக்கட்டுப்பாட்டு சார்ட்டிலும் இதே பள்ளம் இருக்கிறது. வழக்கமாக ஐந்து ஜாப் எடுத்துச் சராசரியும் வீச்சும் போடுகிறார்கள். ஆறு ஸ்பிண்டில் இயந்திரத்தில் ஐந்து எடுத்தால் ஒரு ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் விடுபடும். போதாததற்கு, சராசரி ஆறையும் கலந்து ஒரே குழம்பாக்கிவிடும். முக்கியமான அளவுகளுக்கு ஸ்பிண்டில்வாரியாகத் தனிச் சார்ட் வைக்கச் சொல்லுங்கள். வாகனக் கம்பெனிகள் முக்கிய அளவுகளுக்குப் பொதுவாகச் சிபிகே (அளவு எல்லைக்குள் எவ்வளவு சீராக வருகிறது என்று காட்டும் எண்) 1.67 கேட்கின்றன. ஆறு ஸ்பிண்டிலும் சேர்ந்து அந்த எண்ணைத் தொடுவது, ஒற்றை ஸ்பிண்டிலில் தொடுவதைவிட எவ்வளவோ கடினம். அதைச் சாதித்துக் காட்டியவர் பெயர் ஆடிட்டில் தானாக வெளியே வரும்.

எண்ணெய்: இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்

இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலில் ஓடுகின்றன. எண்ணெய் உயவு கொடுக்கும், டூல் ஆயுளைக் கூட்டும். செட்டரின் உடம்பில்தான் அது படியும். டூல் மாற்றக் குனிந்தால் வயிறும் தொடையும் எண்ணெய் படிந்த ஓரத்தில் சாயும்.

இங்கிலாந்தில் பதினைந்து ஆண்டு இப்படி இயந்திரத்தின் மேல் சாய்ந்து வேலை பார்த்த ஒரு டூல் செட்டர் விரைப்பை தோல் புற்றுநோயால் இறந்தார். அவர் மனைவி தொடுத்த வழக்கில், ஆபத்து தெரிந்திருந்தும் தொழிலாளர்களை எச்சரிக்காததும் சீராகப் பரிசோதிக்காததும் கம்பெனியின் தவறு என்று 1968-ல் தீர்ப்பு வந்தது. முதலாளியின் பொறுப்பு பற்றிய சட்டப் பாடங்களில் இன்றும் எடுத்துச் சொல்லப்படும் வழக்கு அது. சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இன்றைய நல்ல கட்டிங் ஆயில்கள் நன்கு சுத்திகரித்தவை. ஆனால் மலிவு என்று எதையாவது ஊற்றும் இடங்களும் இருக்கின்றன.

எனவே எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகாதீர்கள். முன்புறம் மறைக்கும் ஏப்ரன் கேளுங்கள். எண்ணெயில் ஊறிய உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். நனைந்த உள்ளாடையை அன்றன்றே துவைக்க வேண்டும். தோலில் ஆறாத புண்ணோ மருவோ வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆயில் மிஸ்ட் கலெக்டர் வேலை செய்கிறதா என்பது சேரும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று. ஷெட்டுக்குள் விளக்கைச் சுற்றி மூட்டம் தெரிந்தால் அந்த மூட்டம் உங்கள் நுரையீரலுக்கும் போகிறது. டூல் உடைந்து உரசி, எண்ணெயில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு; இயந்திரத்துக்குள் தானியங்கித் தீயணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சுழலும் பார் பக்கத்தில் துணிக் கையுறை, மோதிரம், கயிறு எதுவும் கூடாது.

உள்ளே நுழைவது எப்படி

இரண்டு வருட ஐடிஐ டர்னர் படிப்பு போதுமான அடித்தளம். மெக்கானிக்கல் டிப்ளமோவும் சரி. டூல் பக்கம் ஆழமாகப் போக நினைப்பவர்கள் என்டிடிஎஃப் மையங்களையும், மத்திய டூல் டிசைன் நிறுவனத்தின் சென்னைக் கிளையையும் விசாரிக்கலாம். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வும் தேசிய சான்றிதழும் உண்டு. அப்ரண்டிஸாகச் சேரும்போது பார் டர்னிங் செய்யும் கம்பெனியாகப் பார்த்துச் சேருங்கள். பெரிய பெயருள்ள கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு வருடம் கழிப்பதைவிட, சின்ன ஆட்டோமேட் பட்டறையில் ஆறு மாதம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

நேர்காணலில் புரோகிராம் கோடுகளை ஒப்பிக்கச் சொல்வது குறைவு. ‘ஒரு ஸ்பிண்டிலில் மட்டும் ரன்அவுட் வருகிறது, எங்கே பார்ப்பீர்கள்?’, ‘எந்த ஸ்டேஷன் சைக்கிளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’, ‘பார்ட்டிங்கில் பிசிறு வந்தால்?’ என்று கேட்பார்கள். பதில் தெரியாவிட்டாலும் எந்த வரிசையில் தேடுவீர்கள் என்று சொல்லுங்கள். அதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

நீங்களும் கேட்க வேண்டும். ஆபரேட்டரை ஆஃப்செட் தொட விடுவார்களா? செட்டிங் நடக்கும்போது உதவிக்கு நிறுத்துவார்களா, அல்லது அப்போது வேறு இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்களா? இரண்டாவது பதில் வந்தால் அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் ஆபரேட்டராகவே இருப்பீர்கள். செட்டர் ஆக எவ்வளவு காலம், சம்பளம் அப்போது எப்படி மாறும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்தத் தொழில் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி நியாயமானது. மின்சார வண்டியில் எரிபொருள் இன்ஜெக்டர் கிடையாது; அந்த ஜாப்களை நம்பியிருந்த லைன்கள் பாதிக்கப்படும். பிரேக் ஃபிட்டிங், வால்வு, கனெக்டர் பின், குளிர்விப்புக் குழாய் இணைப்புகள் அதிலும் வேண்டும். இன்னொரு மாற்றம் ஈயத்தைச் சுற்றி நடக்கிறது. ஈயம் கலந்த உருக்கும் பித்தளையும் சுருளைப் பொடிப்பொடியாக உடைத்துக் கொடுத்ததால்தான் ஆட்டோமேட் தொழில் இவ்வளவு வேகம் எடுத்தது. ஐரோப்பிய விதிகள் உருக்கில் 0.35 சதவீதம், செப்புக் கலவைகளில் 4 சதவீதம் வரை ஈயத்துக்கு விலக்கு கொடுத்து வந்திருக்கின்றன. விலக்கு என்பது திரும்பப் பெறக்கூடியது. ஈயமில்லாப் பித்தளையில் சுருள் நீளமாக வந்து டூலில் சுற்றிக்கொள்ளும். அதை உடைக்க டூல் வடிவம், ஃபீட், எண்ணெய் அழுத்தம் மூன்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இன்றே அதில் கை வைத்துப் பார்த்தவருக்கு நாளை நல்ல கிராக்கி.

வேலைவாய்ப்பில் உள்ள ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மல்டி ஸ்பிண்டில் வைத்திருக்கும் கம்பெனிகள் குறைவு. ஒரே ஜாப் லட்சக்கணக்கில் ஓடினால்தான் இந்த இயந்திரத்துக்குக் கட்டுப்படியாகும். சில ஆயிரம் மட்டும் வேண்டும் என்றால் சிங்கிள் ஸ்பிண்டிலும் ஸ்லைடிங் ஹெட்டும் போதும். வேலை மாற நினைத்தால் ஊரும் மாற வேண்டியிருக்கலாம். அதனால் ஸ்லைடிங் ஹெட் இயந்திரத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பார் ஃபீடர், கோலெட், பார்ட்டிங், கட்டிங் ஆயில் எல்லாம் இரண்டுக்கும் பொது. புதிதாக வருவது கைடு புஷ் மட்டும்; அதன் இறுக்கத்தைப் பிடிக்கப் பழகிவிட்டால் மருத்துவக் கருவிகள், கடிகாரப் பாகங்கள், கனெக்டர்கள் என்று ஒல்லியான நீண்ட ஜாப்கள் செய்யும் பட்டறைகளிலும் விண்ணப்பம் போடலாம்.